இரவு: ஒரு ஷரத்தின் சரித்திரம்

1

இரவு என்பது எது என்று அரசாங்கங்கள் கூடி உட்கார்ந்து ஒரு தடவை தீர்மானித்திருக்கின்றன. 1906 செப்டம்பரில், ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில், 14 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஒன்றில் அந்த நிர்ணயம் இருக்கிறது. தொடர்ச்சியாக 11 மணி நேரம். இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரையிலான பொழுது அதற்குள் கட்டாயம் அடங்க வேண்டும். அந்த நேரத்தில், 10 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை எதிலும் பெண்களை வைத்திருக்கக் கூடாது.

நம் கவிஞர்கள் இரவைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். தனிமை, பீதி, காமம், மரணம் என்று அதற்கு ஏற்றிய அர்த்தங்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் எதுவும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் இரவைத் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. தொட்டது இந்த ருசியற்ற வாக்கியம்தான். அவள் எத்தனை மணிக்குக் கேட்டுக்குள் போகலாம், எத்தனை மணிக்கு வெளியே வந்தாக வேண்டும் என்பதை அது சுமார் ஒரு நூற்றாண்டு தீர்மானித்தது. பிறகு வேறு வாக்கியங்கள் வந்து அதை நீக்கின. எழுதியவர்களும் நீக்கியவர்களும் அவள் பெயரால்தான் பேசினார்கள்.

பெண் உரிமைக்காக நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. மகளிர் தினத்தன்று மேடையில் சொல்லப்படுவது ஒன்று: மெக்ஸிகோ, கோபன்ஹேகன், நைரோபி, பெய்ஜிங் என்று மகாநாடுகளை வரிசையாக ஒப்பித்து முன்னேற்றம் என்பது. எல்லாம் வெறும் காகிதம் என்று சிகரெட்டைத் தட்டிக்கொண்டே சொல்வது மற்றது. இரண்டுமே எஸ்டேட் கேட்டைப் பார்த்துச் சொன்ன அபிப்பிராயங்கள் அல்ல. காகிதம் வேலை செய்திருக்கிறது. எந்தத் திசையில் செய்தது, எங்கே வந்து நின்றுவிட்டது என்று பார்ப்பதே இங்கு என் உத்தேசம்.

2

பெர்ன் உடன்படிக்கைக்குப் பின்னால் கருணை இருந்தது. அதைவிடக் கணக்கு அதிகமாக இருந்தது. ஸ்விட்சர்லாந்து 1877லேயே சட்டம் போட்டுப் பெண்களின் ஆலை இரவு வேலையைத் தடை செய்திருந்தது. தடை செய்த நாட்டின் முதலாளி, தடை செய்யாத பக்கத்து நாட்டு முதலாளியோடு சந்தையில் போட்டி போட வேண்டியிருந்தது. தன் இயந்திரம் இரவில் தூங்குகிறது, அவனுடையது ஓடுகிறது. ஆகவே எல்லோரும் சேர்ந்து தூங்குவோம் என்று ஓர் ஏற்பாடு. நாடுகளுக்கிடையே தொழிலாளர் பற்றிய ஒப்பந்தம் என்ற ஒன்று பிறந்ததே இந்த நிர்ப்பந்தத்தில்தான். ஒருவன் மட்டும் நல்லவனாக இருந்தால் நஷ்டம். எல்லோரும் சேர்ந்து நல்லவர்களானால் யாருக்கும் நஷ்டமில்லை. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தார்மீகம் இம்மாதிரிக் கணக்குகளின் முதுகில் ஏறித்தான் எல்லைகளைத் தாண்டியிருக்கிறது.

இந்தக் கணக்கு பெர்னுக்கு முன்பே இந்தியாவை வந்தடைந்துவிட்டது. 1890இல் ஜெர்மன் சக்கரவர்த்தி பெர்லினில் தொழிலாளர் மகாநாடு ஒன்றைக் கூட்டினார். அடுத்த ஆண்டே இங்கே ஃபாக்டரி சட்டம் திருத்தப்பட்டது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இரவு 8 முதல் காலை 5 வரை கூடாது என்று சில விதிவிலக்குகளோடு எழுதினார்கள். பம்பாய் ஆலைகளின் மலிவான நூலைக் கண்டு மிரண்டிருந்த லங்காஷயர் முதலாளிகள் அந்தச் சட்டத்துக்காக வெகுநாட்களாக அழுத்தம் கொடுத்து வந்தார்கள். பம்பாய் ஆலையில் ராப்பகலாக நிற்கும் பெண்ணுக்காக மான்செஸ்டரில் சிந்தப்பட்ட கண்ணீரில் பருத்திக்கும் பங்குண்டு. அந்தக் கண்ணீரால் அவளுக்கு ஓய்வு கிடைத்ததா என்றால், கிடைத்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் சரித்திரம் பொய்யாகிவிடும்.

1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு எண் இருக்கிறது. தொழிற்சாலை என்றால் 50 பேராவது வேலை செய்யும் இடம். இந்த எண்ணை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

3

முதல் உலக யுத்தம் முடிந்து, 1919 அக்டோபரில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் முதல் மகாநாடு வாஷிங்டனில் கூடியது. இந்தியத் தொழிலாளரின் பிரதிநிதியாக என். எம். ஜோஷி போயிருந்தார். எட்டு மணி நேர வேலை, பிரசவ விடுப்பு, பெண்களின் இரவு வேலைத் தடை என்று ஆறு உடன்படிக்கைகள் அங்கே தயாராயின. இரவு வேலைத் தடை நான்காவது. பிள்ளைகளின் இரவு வேலைத் தடை ஆறாவது. பெண்களும் பிள்ளைகளும் அக்காலச் சட்டங்களில் சேர்ந்தே வருவார்கள். வயது வந்த ஒரு மனுஷியைச் சட்டம் எந்த வரிசையில் உட்கார வைத்திருந்தது என்பதற்கு இந்த ஜோடி போதும்.

அந்த மகாநாட்டில் ஓட்டுரிமையுள்ள பிரதிநிதிகளில் பெண் ஒருவர்கூட இல்லை. ஆலோசகர்களாக உட்கார்ந்திருந்தார்கள். அதே நகரில், கிட்டத்தட்ட அதே நாட்களில், உழைக்கும் பெண்கள் தனியாக ஒரு சர்வதேச மகாநாட்டைக் கூட்டி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நார்வேயிலிருந்து வந்திருந்த பெட்ஸி க்யெல்ஸ்பர்க் பெண்களுக்கென்று தனிச் சட்டம் கூடாது என்று வாதாடினார். பெண்ணுக்குத் தனிப் பாதுகாப்பா, எல்லோருக்கும் பொதுப் பாதுகாப்பா என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டது. அதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க 70 வருஷம் பிடித்தது. கிடைத்த பதிலை என்ன செய்தோம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காம் உடன்படிக்கையின் ஐந்தாவது ஷரத்து நமக்கென்றே எழுதப்பட்டது. இந்தியாவிலும் சயாமிலும் அரசாங்கம் விரும்பினால் இந்தத் தடையை நிறுத்தி வைக்கலாம். உள்நாட்டுச் சட்டம் 'தொழிற்சாலை' என்று சொல்லும் இடங்களைத் தவிர. அதாவது தொழிற்சாலை என்ற சொல்லுக்குள் வருபவள் பெண். வெளியே இருப்பவள் அரசாங்கத்தின் விருப்பம். ஒரு குடும்பத்தார் மட்டுமே வேலை செய்யும் இடத்துக்கு எந்த நாட்டிலும் தடை இல்லை என்று மூன்றாம் ஷரத்து ஏற்கெனவே விலக்கியிருந்தது. பூவிருந்தவல்லியில் விடியற்காலைச் சந்தைக்காக ராத்திரி முழுக்கத் திண்ணையில் பூக்கட்டும் தாயும் மகளும் வாஷிங்டனின் இரவில் சேர்த்தியில்லை. ஆஸ்பத்திரியில் விழித்திருக்கும் நர்ஸும் இல்லை, ஆயாவும் இல்லை. ஆணின் கூலியோடு போட்டி எழும் இடத்தில்தான் பெண்ணின் தூக்கம் உலகப் பிரச்னையாயிற்று என்றே சொல்ல வேண்டும்.

இந்தியா 1921இல் இந்த உடன்படிக்கையை ஊர்ஜிதம் செய்தது. 1922இல் ஃபாக்டரி சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. மின்சாரமோ நீராவியோ ஓடும் இடமாக இருந்தால் 50 என்ற எண் 20 ஆக இறங்கியது. காகிதம் வேலை செய்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

சொல்லைப் பற்றிய வேடிக்கை ஒன்று 1932இல் நடந்தது. 'பெண்கள்' என்று உடன்படிக்கையில் எழுதியிருக்கிறதே, அது கையால் உழைக்கும் பெண்களை மட்டும் குறிக்கிறதா, மேற்பார்வையில் இருக்கும் பெண்களையும் குறிக்கிறதா என்ற சந்தேகம் ஹேக் நகரத்து உலக நீதிமன்றத்துக்குப் போயிற்று. பெண்கள் என்றால் எல்லாப் பெண்களும்தான் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள். ஐந்து பேர் இல்லை என்றார்கள். உடனே 1934இல் உடன்படிக்கையைத் திருத்தி, நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு விலக்குத் தந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்தவள் முதலில் விடுதலையானாள். இயந்திரத்துக்கு முன்னால் நின்றவள் காத்திருந்தாள்.

4

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டு ஃபாக்டரி சட்டத்தில் 66ஆம் பிரிவு இதையெல்லாம் சுருக்கி எழுதியது. பெண்கள் காலை 6 முதல் மாலை 7 வரை மட்டுமே வேலை செய்யலாம். மாநில அரசு இதைக் கொஞ்சம் நீட்டலாம். ஆனால் இரவு 10க்கும் காலை 5க்கும் இடையில் யாரும் தொடக் கூடாது. பெர்னில் எழுதிய அதே 10, அதே 5. தொழிற்சாலை என்பதற்கான எண் இன்னும் இறங்கி, மின்சாரம் இருந்தால் 10, இல்லாவிட்டால் 20 என்றாயிற்று. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் புதுப்பிக்கப்பட்ட 89ஆம் உடன்படிக்கையை இந்தியா 1950இல் ஊர்ஜிதம் செய்தது.

சென்னைக்கு மேற்கே உள்ள எங்கள் பக்கம் இந்தச் சட்டத்தின் வெளிச்சத்தில் கட்டப்பட்டது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ மாதிரியான சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்துவிட்டது. பிறகு டன்லப் வந்தது. பாடியில் மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகள் வந்தன. ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையும் டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. 1960களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. எஸ்டேட் என்றால் எங்களுக்கு இதுதான். டீயும் காப்பியும் விளையும் எஸ்டேட் வேறு ஊர்க்காரர்களுக்கு.

இங்கே இரவு ஷிப்ட் என்பது ஆண்களின் பிரதேசம். இரவு ஷிப்டுக்குத் தனிப் படி உண்டு. டர்னரும் ஃபிட்டரும் அதிலிருந்துதான் உருவானார்கள். ஃபர்னஸும் பெரிய பிரஸ்ஸும் அணையாமல் ஓடும் இடத்தில் மூன்று ஷிப்டும் செய்யக்கூடிய ஆள்தான் வேண்டும். மூன்றில் ஒன்றைச் செய்யச் சட்டம் விடாது என்றால் முதல் இரண்டுக்கும் அவளை ஏன் எடுக்க வேண்டும்? பெண்ணைக் காப்பாற்றிய ஷரத்து அவளைத் தொழில் கற்கும் இடத்திலிருந்தும் காப்பாற்றிவிட்டது. அவளுக்கு மிஞ்சியது பாக்கிங், அஸெம்ப்ளி, மாத்திரை எண்ணுவது, பிறகு தையல்.

தையலை இங்கே கொண்டுவந்ததும் நாடுகளின் ஒப்பந்தம்தான். ஆனால் பெண்களைப் பற்றிய ஒப்பந்தம் அல்ல. 1974இல் அமலுக்கு வந்து 2004 கடைசியில் முடிந்த பன்னாட்டு நூலிழை ஏற்பாடு, எந்த ஏழை நாடு எந்தப் பணக்கார நாட்டுக்கு எத்தனை உருப்படி ஆடை அனுப்பலாம் என்று கோட்டா நிர்ணயித்தது. கோட்டா கிடைத்த கம்பெனிகள் ஷெட் போட்டுத் தையல் இயந்திரங்களை வரிசையாக வைத்தன. சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்து பெண்கள் காலை ரயிலில் வந்து இறங்கினார்கள். அந்த ஏற்பாட்டில் பெண் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. எனினும் பெண்களைப் பற்றி வாய் கிழியப் பேசிய பல உடன்படிக்கைகளைவிட அதிகமான பெண்களை அது கேட்டுக்குள் கொண்டுவந்தது.

என் பெரியம்மா 1980களில் எஸ்டேட்டில் அப்படியொரு கம்பெனியில் நூல் பிசிறு வெட்டினாள். கம்பெனியின் பெயர் இங்கு வேண்டாம்; அந்தப் பெயரில் விசேஷம் ஏதுமில்லை. ஷிப்மெண்ட் நெருங்கினால் மாலை 6 மணிக்கு எல்லோருடைய கார்டிலும் வெளியேறியதாகப் பதிந்துவிடுவார்கள். பிறகு இரவு 11 வரைக்கும் வேலை. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. இது வவுச்சரில் ஒற்றைக் கூலி. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கக் கோடவுனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைப்பார்கள். முடிந்ததும் பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் நாலைந்து பேராகச் சேர்ந்து நடப்பார்கள். "ராத்திரி வேலை செய்யக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால நாங்க ராத்திரி வேலை செய்யல, அவ்வளவுதான்" என்பாள் பெரியம்மா. சர்வதேச சட்டத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான வியாக்கியானத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. தடை இருந்ததால் அவளுடைய இரவு ரிஜிஸ்தரில் இல்லை. ரிஜிஸ்தரில் இல்லாததால் அதற்குக் கூலியும் இல்லை, வண்டியும் இல்லை, புகாரும் இல்லை.

5

சமத்துவம் என்ற சொல் வேறு பாதையில் வந்து சேர்ந்தது. 1948இல் மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் ஷரத்தை எழுதும்போது எல்லா ஆண்களும் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் நகலில் இருந்தது. நம் நாட்டுப் பிரதிநிதி ஹன்ஸா மேத்தா பிடிவாதமாக நின்று அதை மனிதப் பிறவிகள் எல்லோரும் என்று மாற்ற வைத்தார். சொல்லில் வேலை செய்பவர்கள் அவரை ஞாபகம் வைத்திருக்க வேண்டும், நாம் வைத்திருக்கிறோமா?

1951இல் சம வேலைக்குச் சமக் கூலி என்ற நூறாவது உடன்படிக்கை. இந்தியா 1958இல் ஊர்ஜிதம் செய்தது. சட்டமாக்க 17 வருஷமாயிற்று. 1975ஐ ஐ.நா. சபை சர்வதேசப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது; ஜூன் 19 அன்று மெக்ஸிகோவில் மகாநாடு தொடங்கியது. அந்த மகாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 25 இரவு, இந்தியாவில் அவசரநிலை பிரகடனமாயிற்று. செப்டம்பர் 26 அன்று சமக் கூலிக்கான அவசரச் சட்டம் வந்தது. மறு ஆண்டு அது முழுச் சட்டமாயிற்று. கூலியில் ஆணும் பெண்ணும் சமம் என்று சொன்ன அதே அரசாங்கம், கூலி கேட்டு வேலை நிறுத்தம் செய்வதை இருவருக்கும் சமமாகத் தடுத்திருந்தது. இருந்தாலும் அந்தச் சட்டத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அதன் ஐந்தாம் பிரிவு, வேலைக்கு ஆள் எடுப்பதிலேயே பெண் என்பதற்காகப் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒரு வேலை வந்தது.

1979 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை, பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1980இல் கையெழுத்திட்டு 1993இல் ஊர்ஜிதம் செய்தது. செய்யும்போதே ஒரு குறிப்பைச் சேர்த்தது: எந்தச் சமூகத்தின் சொந்த விவகாரத்திலும் அந்தச் சமூகத்தின் முயற்சியும் சம்மதமும் இல்லாமல் தலையிடுவதில்லை என்ற கொள்கைக்கு உட்பட்டே கல்யாணம், குடும்பம், பழக்கவழக்கம் பற்றிய ஷரத்துகளை ஏற்பதாக. தொழிற்சாலைக் கேட் வரைக்கும் உடன்படிக்கை வரலாம், வீட்டு வாசற்படியில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். சமூகத்தின் சம்மதம் என்கிறார்களே, அந்தச் சம்மதத்தைச் சொல்லும் வாய் பெரியம்மாவினுடையது இல்லை.

அந்த உடன்படிக்கையின் 11ஆம் ஷரத்து வேலையைப் பற்றியது. அதன் மூன்றாம் பகுதியைத்தான் இந்தக் கட்டுரையின் மையமாக நினைக்கிறேன். பெண்களைப் பாதுகாக்கவென்று போட்ட சட்டங்களை விஞ்ஞான, தொழில்நுட்ப அறிவின் வெளிச்சத்தில் அவ்வப்போது பரிசீலித்து, தேவைக்கேற்பத் திருத்தலாம், நீக்கலாம், அல்லது விரிவாக்கலாம் என்கிறது அது. மூன்று வினைச்சொற்கள். விரிவாக்குதல் என்றால் என்ன? இரவு வேலை பெண்ணின் உடம்புக்குக் கெடுதல் என்றால் ஆணின் உடம்புக்கும் கெடுதல்தான். ஆகவே பாதுகாப்பை அவளிடமிருந்து பிடுங்காமல் அவனுக்கும் கொடு என்பது. 1919இல் வாஷிங்டனில் விடையில்லாமல் விட்ட கேள்விக்கு விடை அந்த மூன்றாவது வினைச்சொல்லில் இருந்தது.

6

1990 ஜூனில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் ஜெனீவாவில் ஒரே கூட்டத் தொடரில் இரண்டு காகிதங்களை நிறைவேற்றியது. ஒன்று, 89ஆம் உடன்படிக்கைக்கு ஒரு பின்னிணைப்பு: பெண்களின் இரவு வேலைத் தடையைத் தளர்த்த அரசுகளுக்கு வழி விடுவது. மற்றது 171ஆம் உடன்படிக்கை: ஆண், பெண் என்ற பேதமில்லாமல் இரவில் வேலை செய்யும் எல்லோருக்கும் இலவச மருத்துவப் பரிசோதனை, முதலுதவி, பிரசவ காலத்தில் பகல் வேலைக்கு மாற்று, கூலியிலோ நேரத்திலோ ஈடு, தொழிலாளர் பிரதிநிதிகளோடு முன்கூட்டி ஆலோசனை. அதோடு ஒரு பரிந்துரையும் வைத்தார்கள், 178ஆம் எண். இரவு வேலைக்காரர்கள் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையில் போய்வரும் நேரத்தைக் குறைக்க வேண்டும், அந்தப் பயணத்தைப் பத்திரமானதாக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. பெர்ன் தொடங்கி 84 வருஷம் கழித்து, பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் போகும் அந்த இருட்டுச் சாலை ஒருவழியாகச் சர்வதேசக் காகிதம் ஒன்றில் இடம்பெற்றது. இடம்பெற்றது பரிந்துரையில். பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது.

உலகம் எதை எடுத்துக்கொண்டது? 1991இல் ஐரோப்பிய சமூகத்தின் நீதிமன்றம், ஆண்களுக்கு இரவு வேலை அனுமதி உள்ள நாட்டில் பெண்களுக்கு மட்டும் தடை என்பது சமத்துவ விதிக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. பிரான்ஸ் மறு ஆண்டே 89ஆம் உடன்படிக்கையிலிருந்து விலகியது. நாடுகள் பெண்களுக்காகச் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தை, நாடுகள் பெண்களுக்காகச் செய்துகொண்ட இன்னொரு ஒப்பந்தம் ரத்து செய்தது.

நம் ஊரில் இதைச் செய்தது சென்னை உயர்நீதிமன்றம். வசந்தா என்பவரின் பெயரால் அறியப்படும் வழக்கில், 2000 டிசம்பரில், 66ஆம் பிரிவின் அந்த நேரக் கட்டுப்பாடு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. சட்டம் திருத்தப்படும் வரைக்கும் என்று சொல்லிப் பல நிபந்தனைகளையும் விதித்தது: இரவு ஷிப்டில் பெண்களைத் தனித்தனியாக அல்ல, குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவாகத்தான் வைக்க வேண்டும், போக வர வண்டி தர வேண்டும், ஷிப்ட் மாறும்போது 12 மணி நேர ஓய்வு வேண்டும். அந்த நீதிமன்றத்துக்குச் சாலை தெரிந்திருந்தது என்பதை மதிப்போடு குறிப்பிட வேண்டும். 1990இன் பரிந்துரையில் கிடந்த விஷயத்தை அது கட்டளையாக்கியது.

அரசாங்கம் என்ன செய்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1990இன் இரண்டு காகிதங்களில், தடையைத் தளர்த்தும் பின்னிணைப்பை இந்தியா 2003இல் ஊர்ஜிதம் செய்தது. எல்லோருக்கும் பாதுகாப்பு தரும் 171ஆம் உடன்படிக்கையை ஊர்ஜிதம் செய்யவில்லை. மூன்று வினைச்சொற்களில் திருத்துவதையும் நீக்குவதையும் எடுத்துக்கொண்டு, விரிவாக்குவதை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாயிற்று. முதல் இரண்டும் முதலாளிக்குச் செலவில்லாதவை. மூன்றாவதற்கு டாக்டர் வேண்டும், வண்டி வேண்டும், ஓய்வறை வேண்டும், அதுவும் ஆண்களுக்கும் சேர்த்து. பெர்னின் கணக்கு நூறு வருஷமாகியும் மாறவில்லை. அன்று எல்லோரும் சேர்ந்து தூங்கினால் நஷ்டமில்லை. இன்று எல்லோரும் சேர்ந்து விழித்திருந்தால் லாபம்.

1919இல் பிறந்த நான்காம் உடன்படிக்கை 2017இல் ஜெனீவாவில் முறைப்படி ரத்து செய்யப்பட்டது. அதன் மறைவுக்கு நம் பக்கத்தில் யாரும் இரங்கற்பா எழுதியதாகத் தெரியவில்லை.

7

நீக்கப்பட்ட தடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண்கள் பலர் பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். அங்கே சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் செத்துவிட்டதாக வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். விடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. தொழிற்சாலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது.

அந்த இரவைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சட்டம் அவர்களுக்கு இரவைக் கொடுத்தது இயந்திரத்துக்கு முன்னால் நிற்பதற்காக. அவர்கள் அதைச் சாலையில் உட்காருவதற்குப் பயன்படுத்தினார்கள். கேட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் உள்ள பிரதேசம், அதாவது பஸ், விடுதி, சாப்பாடு, கக்கூஸ், படுக்க இடம் எல்லாம் எந்த உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிலும் இல்லாமல் காண்டிராக்டர்களின் கையில் இருந்தது. அதை உலகத்துக்குக் காட்டியது அவர்களுடைய முழங்கால்கள்தான். அப்புறம் நடந்த சீர்திருத்தங்களுக்கும் நிர்ப்பந்தம் வந்தது அரசுகளின் ஒப்பந்தத்திலிருந்து அல்ல. போனை விற்கும் அமெரிக்கக் கம்பெனி, தயாரித்துத் தரும் கம்பெனியைக் கண்காணிப்பில் வைத்தது. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குப் போட்ட நிபந்தனை.

அதே தொழிற்சாலையைப் பற்றி 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி ஒன்று வந்தது. கல்யாணமான பெண்களை போன் பூட்டும் வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று. கம்பெனி மறுத்தது. மத்தியத் தொழில் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் என்றால், அவசரநிலையில் பிறந்த அதே சமக் கூலிச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவின் கீழ். 48 வருஷம் கழித்து, ஒரு வெளிநாட்டுச் செய்தி ஸ்தாபனம் தட்டிய பிறகு அது கண் விழித்தது. இரவுக்கு உகந்தவளாகிவிட்ட பெண் கல்யாணமானதும் பகலுக்கும் உகந்தவளில்லை என்றால், 1993இல் வாசற்படியில் நிறுத்தி வைத்த ஷரத்துகள் வேறு பாதையில் கேட்டுக்கே வந்துவிட்டன என்று அர்த்தம். வீட்டை விட்டுவிட்டுத் தொழிற்சாலையில் மட்டும் சமத்துவம் என்பது நடவாத காரியம்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 1976ஆம் ஆண்டுச் சட்டமும் அவற்றுக்குள் கரைந்துபோயின. காலை 6க்கு முன்பும் மாலை 7க்குப் பின்பும் பெண்கள் தங்கள் சம்மதத்தின் பேரில் வேலை செய்யலாம் என்கிறது 2020ஆம் ஆண்டுத் தொகுப்பின் 43ஆம் பிரிவு; பாதுகாப்புக்கான நிபந்தனைகளை அரசு விதிக்கும். சம்மதம் என்ற சொல் இங்கே மறுபடியும் வருகிறது. முன்பு சமூகத்தின் சம்மதம், இப்போது அவளுடைய சம்மதம். வாடகைக்கு எடுத்த விடுதியில், காண்டிராக்டில், ஆறு மாதத்தில் முடியும் வேலையில் இருப்பவள் சம்மதமில்லை என்று சொல்ல எத்தனை பலம் வேண்டும் என்பதைப் பிரிவு 43 சொல்லவில்லை.

நான் ஞாபகம் வைத்திருக்கச் சொன்ன எண் என்னவாயிற்று என்றும் பார்த்துவிடலாம். மின்சாரம் ஓடும் இடத்தில் தொழிற்சாலை என்றால் 1891இல் 50 பேர், 1922இல் 20, 1948இல் 10. புதிய தொகுப்பில் மீண்டும் 20. மின்சாரம் இல்லாவிட்டால் 40. பத்துப் பேர் உள்ள ஸ்தாபனத்துக்கும் தொகுப்பில் இடமுண்டு. ஆனால் தொழிற்சாலை என்ற பெயரும் அந்தப் பெயரோடு வரும் கடமைகளும் 1922க்குத் திரும்பிவிட்டன. எஸ்டேட்டின் உட்தெருக்களில் எட்டு, பன்னிரண்டு, பதினைந்து பேரோடு ஓடும் பட்டறைகளை எண்ணிக்கொண்டு நடந்தால் இந்த எண்ணின் அர்த்தம் காலுக்குத் தெரியும்.

8

ஆகவே காகிதம் வெறும் காகிதம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 50ஐ 20 ஆகவும் 20ஐ 10 ஆகவும் இறக்கியதில் வாஷிங்டனுக்குப் பங்குண்டு. 1997இல் விசாகா வழக்கில், வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க உள்நாட்டில் சட்டமே இல்லாதபோது, உச்ச நீதிமன்றம் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையைக் கையில் எடுத்துத்தான் விதிகளை வகுத்தது. பாராளுமன்றம் 16 வருஷம் கழித்து 2013இல் வந்து சேர்ந்தது. மேடைக்காரர்களோடும் உடன்பாடில்லை. நாடுகள் பெண்ணுக்காகக் கூடியபோதெல்லாம் தமக்கு நஷ்டமில்லாத அளவுக்கே கூடின. அந்த அளவை யாராவது வெளியிலிருந்து நகர்த்தினால் ஒழிய அது நகரவில்லை. வாஷிங்டனில் தனியாகக் கூடிய பெண்களும் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களும் நகர்த்தப் பார்த்தார்கள்.

செய்ய வேண்டிய காரியம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. 171ஆம் உடன்படிக்கை மொழிபெயர்க்கப்பட்டு, எஸ்டேட் தொழிற்சங்கங்களின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். அதை ஊர்ஜிதம் செய் என்ற கோரிக்கையை இரவு ஷிப்ட் ஆண்கள் எழுப்ப வேண்டும். ஏனெனில் அது அவர்களுடைய உடம்பைப் பற்றியதும்கூட. பெண்ணுக்குக் கொடுத்த பாதுகாப்பு பறிபோனதில் தங்களுக்கு வரவேண்டிய பாதுகாப்பும் போய்விட்டது என்பது அவர்களுக்கு இன்னும் தெரியாது.

மொழிபெயர்ப்பு என்றதும் நம் வட்டத்தின் வேலையும் வந்துவிடுகிறது. லோர்காவையும் நெருடாவையும் தமிழாக்கிய கைகளுக்கு ஒரு சில பக்க உடன்படிக்கை பாரமல்ல. 'விரிவாக்கு' என்பதைவிடப் பொருத்தமான வினைச்சொல் கிடைத்தால் எழுதுங்கள்.